ஸ்பைடர்மேன் 3-ஐக் கிண்டல் செய்கிறவர்கள் அந்த மணல் காட்சியை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பேசுங்க

மணவாளக்குறிச்சியான்

ஸ்பைடர்மேன் 3 என்று வாயைத் திறந்தாலே போதும், நெற்றியில் முடியை இழுத்துவிட்டுக்கொண்டு ஸ்பைடர்மேனாக வருகிற பீட்டர் பார்க்கர் தெருவில் ஆடுகிற மீமைத் தூக்கிக்கொண்டு நாலு பேர் வந்துவிடுகிறார்கள். படம் வந்தது 2007 மே மாதம். இத்தனை வருஷம் ஆகியும் கிண்டல் ஓயவில்லை. படத்தை முழுசாகப் பார்க்காத பையன்கள்கூட மீமை மட்டும் பார்த்துவிட்டு அது குப்பைப் படம் என்று தீர்ப்பு எழுதுகிறார்கள். எனக்கு இதில் உண்மையிலேயே வருத்தம், அதனால்தான் இந்த இழை.

குறை இல்லாத படம் என்று சொல்ல வரவில்லை. மூன்று வில்லன், விண்கல்லோடு வந்து விழுந்து பீட்டர்மேல் கறுப்பு உடையாக ஒட்டிக்கொண்டு அவனைத் திமிர் பிடித்தவனாக்குகிற கறுப்புத் திரவம், ஞாபகம் போய்த் திரும்புகிற நண்பன், காதலியோடு மனஸ்தாபம், நடுவில் இன்னொரு பெண், இவ்வளவையும் 139 நிமிஷத்துக்குள் திணித்தால் மூச்சு முட்டத்தான் செய்யும். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதற்குள்ளே மணல் மனிதன் பிறக்கிற காட்சி ஒன்று இருக்கிறதே, சூப்பர்ஹீரோ படங்களில் அதைவிட நல்ல காட்சியை நான் பார்த்ததில்லை.

மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஃப்ளின்ட் மார்க்கோ ஜெயிலிலிருந்து தப்பி வருகிறான். ராத்திரி ஒளிந்து ஒளிந்து வீட்டுக்குப் போய் நோயாளி மகளைப் பார்க்கிறான். மனைவி முகத்துக்கு நேராக வெளியே போ என்கிறாள். மகளின் படம் வைத்த லாக்கெட் ஒன்றுதான் அவன் கையோடு வருகிறது. போலீஸ் துரத்த, வேலி ஏறிக் குதித்து ஒரு ஆராய்ச்சிக்கூடத்தின் மணல் குழிக்குள் விழுகிறான். உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் குழியில் எடை கூடியிருப்பது தெரிகிறது. ஏதாவது பறவையாக இருக்கும், இயந்திரம் ஓடினால் பறந்துவிடும் என்று சொல்லிவிட்டு ஓட்டிவிடுகிறார்கள். ஒரு மனுஷனை அழிக்கிறோம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. எனக்கு இந்த இடமே பெரிய விஷயம். அவனைக் கெட்டவனாக்க யாரும் திட்டம் போடவில்லை, கவனிக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் பொழுது விடிந்து வெளிச்சம். கேமரா மணல்பொடியின் உயரத்துக்கு இறங்கிவிடுகிறது. ஒன்றிரண்டு துகள் உருள்கிறது. குவியல் லேசாக அசைகிறது, சரிகிறது, மறுபடியும் குவிகிறது. தோள் மாதிரி ஏதோ எழும்புகிறது, தாங்காமல் சரிகிறது. முகம் வருகிறது, அதில் கண் இல்லை, வாய் இல்லை. பக்கத்தில் லாக்கெட் கிடக்கிறது. எடுக்கக் கையை நீட்டுகிறான், விரல்கள் அப்படியே உதிர்கின்றன. ஒரு வசனம் கிடையாது, இசை மட்டும்தான். மகளின் முகத்தைப் பார்த்தபிறகுதான் அந்தக் கைக்கு உருவம் கூடுகிறது.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்களுக்கு மணலைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எங்கள் கரையில் கறுப்பு மணலும் வெளுத்த மணலும் வரிவரியாகக் கிடக்கும். இல்மனைட் என்கிற தாது கலந்த கறுப்பு கனம் கூடியது, அலை வெளுத்ததை வாரிக்கொண்டு போகும்போது அது தங்கிவிடும். காய்ந்த மணலில் ஒரு பிடி அள்ளினால் விரலிடுக்கு வழியாக ஒழுகி உள்ளங்கையில் கொஞ்சம்தான் மிஞ்சும். கடற்கரையில் வளர்ந்தவனுக்கு இது தோலிலேயே தெரியும். அந்தக் காட்சியில் மணல் அப்படியே ஒழுகுகிறது. பொய்யாக ஒரு துகள்கூட எனக்குத் தெரியவில்லை.

எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். இந்தப் படத்தின் உயிர் மார்க்கோவின் கதை. அதைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் நீங்கள் சிரிக்கிற பாதி விஷயங்களுக்கும் அர்த்தம் கிடைக்கும்.

வடசேரி பஸ்ஸ்டாண்ட்

அண்ணே, மணல் காட்சி கொள்ளாம், அதை யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு காட்சிக்காக ஒரு படத்தைக் காப்பாற்ற முடியுமா?

மார்க்கோ கதைதான் படத்தின் உயிர் என்கிறீர்கள். என்னைக் கேட்டால் படத்தைக் கெடுத்ததே அந்தக் கதைதான். 2002-ல் வந்த முதல் படத்தில் என்ன நடந்தது? மல்யுத்தப் போட்டி நடத்துகிறவன் பேசிய பணத்தைக் கொடுக்காமல் ஏமாற்றுகிறான், அவனிடமே ஒருத்தன் கொள்ளையடித்துவிட்டு ஓடி வருகிறான், பீட்டர் வேண்டுமென்றே வழிவிடுகிறான். அந்தக் கொள்ளைக்காரன்தான் பென் மாமாவைக் கொன்றான் என்று தெரியவரும்போது நமக்கு வயிற்றைப் பிசையும். என்னால்தான் மாமா செத்தார் என்கிற அந்தக் குற்ற உணர்ச்சிதான் ஸ்பைடர்மேன். மூன்றாம் படத்தில் வந்து, இல்லை இல்லை, சுட்டது வேறு ஆள், பெயர் மார்க்கோ என்கிறார்கள். அஸ்திவாரத்தையே தோண்டிவிட்டார்களே!

அப்புறம் வெனம். காமிக்ஸில் எப்பேர்ப்பட்ட வில்லன். படத்தில் கடைசியில் வந்து கொஞ்ச நேரம் கத்திவிட்டுப் போகிறான். டோஃபர் கிரேஸ் அந்த உடம்புக்குப் பொருத்தமே இல்லை. காமிக்ஸ் படித்து வளர்ந்தவனுக்கு இதை மன்னிக்க முடியாது.

ஆரல் காற்று

சொந்த ஊர் ஆரல்வாய்மொழி, இப்போது சென்னையில் கிராஃபிக்ஸ் வேலை. மணல் காட்சி என்றதும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

எங்கள் துறைக்கு வருகிற புதுப் பையன்களுக்கு இந்தக் காட்சியைத்தான் நான் முதலில் போட்டுக் காட்டுவேன். செய்தது சோனி இமேஜ்வொர்க்ஸ், மேற்பார்வை ஸ்காட் ஸ்டாக்டைக். முதலில் வேலையின் கஷ்டம் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள். மணல் திடப்பொருளும் இல்லை, தண்ணீரும் இல்லை. குவித்தால் ஒரு சரிவு வரைக்கும் நிற்கும், அதைத் தாண்டினால் வழிய ஆரம்பித்துவிடும். கூட்டமாக வழியும்போது திரவம், நின்றவுடன் திடம். ஒவ்வொரு துகளும் பக்கத்துத் துகளை முட்டுகிறது. இதைக் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுக் கொண்டுவருவதே அந்தக் காலத்தில் மலையைப் புரட்டுகிற வேலை, அதிலும் அந்தக் குவியல் நடிக்க வேண்டும், அழ வேண்டும் என்றால்? முதுகு வளைகிற விதத்தில் அவன் களைப்பு தெரிகிறது, கவனித்தீர்களா? மணலை விதிப்படி விழவிட்டால் நடிப்பு வராது, நடிப்பை மட்டும் பார்த்தால் அது மணல் மாதிரி இருக்காது. இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது.

இன்னொரு விஷயம். நடிகர்கள் மேல் மணல் கொட்ட வேண்டிய இடங்களில் நிஜ மணலுக்குப் பதிலாக மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிரைப் பொடியாக்கிப் பயன்படுத்தினார்கள். நிஜ மணல் கண்ணிலும் மூச்சிலும் போனால் ஆபத்து.

இவ்வளவு செய்தும் அந்த வருஷம் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கருக்கு இந்தப் படத்தின் பெயரே பட்டியலில் வரவில்லை. இரண்டாம் பாகத்துக்கு அதே விருது கிடைத்திருந்தது. படத்துக்கு வந்த கெட்ட பெயர் இந்த வேலையையும் சேர்த்து அமுக்கிவிட்டது என்றுதான் நான் நினைக்கிறேன்.

குழித்துறை டீச்சர்

நான் காமிக்ஸ் படித்தவள் இல்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து தமிழில்தான் பார்த்தேன். அதனால் வெனம் காமிக்ஸில் எப்படி இருப்பான் என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

சர்ச் காட்சியை யாரும் இங்கே பேசவில்லை. மேலே மணிக்கூண்டில் பீட்டர் அந்தக் கறுப்பு உடையைப் பிய்த்து எறியப் போராடுகிறான், மணியோசை பட்டு அது துடிக்கிறது. அதே நேரம் கீழே அதே கோவிலுக்குள், பீட்டரால் வேலையை இழந்து பின்னால் வெனமாக மாறப்போகிற எடி பிராக் ஜெபம் பண்ணுகிறான். என்ன ஜெபம்? பீட்டர் பார்க்கரைக் கொன்றுவிடு என்று! கோட்டாறு சவேரியார் கோவிலில் தொடங்கி ஊருக்கு ஊர் கோவில் இருக்கிற மாவட்டம் இது. கோவிலுக்கு வருகிறவர்கள் என்னென்னவோ கேட்பார்கள், அழுவார்கள், சண்டைகூடப் போடுவார்கள். ஆனால் ஒருவன் அமைதியாக உட்கார்ந்து, பணிவோடு, இன்னொருவன் சாக வேண்டும் என்று கடவுளிடம் கேட்பதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒருவன் பழிவாங்கும் வெறியை உடம்பிலிருந்து உரித்துப் போடுகிறான், சொட்டுச் சொட்டாகக் கீழே விழுகிற அதையே இன்னொருவன் வாங்கிப் போட்டுக்கொள்கிறான். ஒரே கட்டடம், ஒரே நேரம். இதை யோசித்து எழுதியவரை நான் மதிக்கிறேன்.

பென் மாமாவின் மனைவி மே அத்தை வருகிற காட்சியும் அப்படித்தான். மார்க்கோ செத்துவிட்டான் என்று பீட்டர் வந்து சொல்கிறான், அத்தை சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்க்கிறான். அவளோ, ஸ்பைடர்மேன் ஆளைக் கொல்கிறவன் இல்லையே என்று அதிர்ந்து நிற்கிறாள். கணவனைப் பறிகொடுத்தவள் அவள். ரோஸ்மேரி ஹாரிஸ் சத்தமே போடாமல் அதை நடித்திருக்கிறார். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, இது வெறும் டான்ஸ் மீம் படம் என்று எப்படி ஐயா சொல்கிறீர்கள்?

மணவாளக்குறிச்சியான்

டீச்சர், அந்த ஜெபத்தைச் சொன்னதற்கு ரொம்ப நன்றி.

வடசேரித் தம்பிக்கு. நீ கேட்டது நியாயமான கேள்வி, இதைத்தான் நிறையப் பேர் சொல்கிறார்கள். ஆனால் கதையை ஒருமுறை வரிசையாக வைத்துப் பார். மூன்றாம் படம் சொல்வது இதுதான்: மார்க்கோவும் அந்தக் கொள்ளைக்காரனும் கூட்டாளிகள். கொள்ளைக்காரன் பணத்தோடு வரும்வரைக்கும் மார்க்கோ தப்பிப்போக ஒரு கார் தேடுகிறான். காரில் உட்கார்ந்திருந்தவர் பென் மாமா. துப்பாக்கியைக் காட்டி இறங்கச் சொல்கிறான். அவர் பயப்படாமல், துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு வீட்டுக்குப் போ மகனே என்கிற மாதிரிப் பேசுகிறார். மார்க்கோ தயங்கி நிற்கிற அந்த நேரத்தில் கூட்டாளி ஓடிவந்து அவன் கையைப் பிடிக்கிறான், துப்பாக்கி வெடித்துவிடுகிறது.

அந்தக் கூட்டாளி எப்படி அங்கே ஓடிவர முடிந்தது? பீட்டர் வழிவிட்டதால். அன்றைக்குப் பீட்டர் அவனை மடக்கியிருந்தால் யாரும் ஓடிவந்து கையைப் பிடித்திருக்க மாட்டார்கள். மார்க்கோ அநேகமாகத் துப்பாக்கியை இறக்கியிருப்பான். அப்படியென்றால் பீட்டரின் குற்ற உணர்ச்சி எங்கே போனது? எங்கும் போகவில்லை, முன்னைவிடக் கூடியிருக்கிறது. அஸ்திவாரத்தைத் தோண்டவில்லை, இன்னும் ஆழமாகத்தான் இறக்கியிருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள். முதல் படத்தில் பீட்டர் அந்தக் கொள்ளைக்காரனைத் துரத்திப்போய் மூலையில் மடக்குகிறான், அவன் தடுமாறி ஜன்னல் வழியாக விழுந்து சாகிறான். அந்த ஆள் பென் மாமாவைச் சுட்டவனே இல்லை என்று மூன்றாம் படம் சொல்கிறது. அதாவது பீட்டர் முதன்முதலாகப் பழிவாங்கப் போனதே தப்பான ஆளை. இதைத் தெரிந்துகொண்டும் அவன் என்ன செய்கிறான்? கறுப்பு உடையைப் போட்டுக்கொண்டு சுரங்கப் பாதைக்குப் போய் மார்க்கோவின் முகத்தை ஓடுகிற ரயிலில் தேய்க்கிறான், குழாயை உடைத்துத் தண்ணீரைத் திறந்துவிட்டு அவனைச் சேறாக்கிக் கரைத்துவிடுகிறான். ஒரு தடவை பட்டும் புத்தி வரவில்லை என்று படம் நம் கண்முன்னே காட்டுகிறது. பழி எப்படிக் கண்ணைக் கட்டும் என்பதற்கு இதைவிட நேரான காட்சி வேண்டுமா?

வெனம் விஷயத்தில் நீ சொல்வது சரி. அவன் இந்தப் படத்துக்கு வேண்டாதவன். டீச்சர் சொன்ன ஜெபத்துக்காக எடி பிராக் என்கிற மனிதன் இருந்துவிட்டுப் போகட்டும், பல்லும் நாக்குமாக வருகிற வெனம் இல்லாமலே படம் நின்றிருக்கும்.

வடசேரி பஸ்ஸ்டாண்ட்

கூட்டாளி ஓடிவந்த விஷயத்தை நான் இப்படி யோசித்ததில்லை அண்ணே. ஆனாலும் முதல் படத்தில் அது ஒரே அடியாக நெஞ்சில் விழுந்தது, இதில் இவ்வளவு விளக்கம் தேவைப்படுகிறது. விளக்கம் தேவைப்படுகிற குற்ற உணர்ச்சி பார்க்கிறவனுக்கு வலிக்காது என்பது என் கட்சி. அதை நான் விடமாட்டேன்.

சரி, டான்ஸுக்கு என்ன சொல்கிறீர்கள்? அதையும் நல்ல காட்சி என்று சொன்னால் நான் ஊரைவிட்டே போய்விடுகிறேன்.

மணவாளக்குறிச்சியான்

ஊரைவிட்டுப் போக வேண்டாம் மக்கா, ஆனால் அது நல்ல காட்சிதான்.

அடுத்த தடவை பார்க்கும்போது பீட்டரைப் பார்க்காதே, தெருவில் எதிரே வருகிற பெண்களின் முகத்தைப் பார். அவன் விரலை நீட்டிக் கண்ணடித்துக்கொண்டு போகிறான், அவர்கள் முகம் சுளித்து ஒதுங்குகிறார்கள். அவன் அசிங்கப்படுகிறான் என்று படத்துக்குத் தெரியும், பீட்டருக்கு மட்டும்தான் தெரியாது. பள்ளிக்கூடத்தில் அடி வாங்கியே வளர்ந்த, ஒரு பெண்ணிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசத் தெரியாத பையன் அவன். அவனுக்குத் திடீரென்று திமிர் வந்தால் எப்படி இருக்கும்? ஸ்டைல் மன்னனாகவா ஆகிவிடுவான்? ஸ்டைல் என்று அவன் மனசுக்குள் என்ன நினைத்து வைத்திருந்தானோ அதைத்தான் செய்வான். சாம் ரெய்மி அதை அப்படியே எடுத்திருக்கிறார். நாம் சிரிக்க வேண்டும் என்றே எடுத்த காட்சியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, டைரக்டருக்குப் படம் எடுக்கத் தெரியவில்லை என்று சொல்வது அநியாயம்.

அதற்குக் கொஞ்சம் முன்பின்னாக வருகிற சின்னச் சின்ன இடங்களையும் பார். வீட்டுக்காரரின் மகள் உர்சுலா ஆசையாக பிஸ்கட்டும் பாலும் கொண்டுவந்து கொடுக்கிறாள். கால்மேல் கால் போட்டுத் தின்றுகொண்டே, பருப்பு போட்டதாகக் கொண்டுவா என்று அதிகாரம் பண்ணுகிறான். வாடகை கேட்டதற்கு அவள் அப்பாவிடம் எரிந்து விழுகிறான். கறுப்புத் திரவம் அவனை ராட்சசனாக்கவில்லை, வீட்டில் இருக்கிறவர்களிடம் மரியாதை இல்லாத ஒரு ஆம்பிளையாகத்தான் ஆக்குகிறது. அப்படிப்பட்டவர்களை நமக்கெல்லாம் தெரியும், நம்ம தெருவிலேயே இருக்கிறார்கள்.

அப்புறம் அந்த ஜாஸ் கிளப். காதலி மேரி ஜேன் பாட்டுப் பாடிப் பிழைக்கிற இடத்துக்கு, அவளை நோகடிப்பதற்காகவே கூடப் படிக்கிற க்வென்னைக் கூட்டிக்கொண்டு போகிறான். பியானோவில் ஏறி, மேசைமேல் குதித்து ஆடுகிறான். இதுவரைக்கும் தியேட்டர் சிரிக்கும். க்வென்னுக்கு விஷயம் புரிந்து மேரி ஜேனிடம் வருத்தம் சொல்லிவிட்டு வெளியே போகிறாள். அடுத்து அடிதடி, அதில் மேரி ஜேனையே கீழே தள்ளிவிடுகிறான். நீ யார் என்று அவள் கேட்கிறாள். எனக்குத் தெரியவில்லை என்கிறான். சிரிப்பு நின்றுபோகும். சிரிக்கவைத்த அதே ஆட்டத்தை வைத்தே அந்த அடியை நம் தொண்டையில் இறக்குகிறார் ரெய்மி. அவன் நேராகப் போகிற இடம்தான் டீச்சர் சொன்ன மணிக்கூண்டு. மீம் போடுகிறவர்கள் இந்த வரிசையை வெட்டிவிட்டு ஆட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

கோட்டாறு அண்ணாச்சி

பிள்ளைகளே, எல்லாம் வாசித்தேன். படம் வந்த புதுசில் நாகர்கோவிலில் தியேட்டரில் பார்த்தவன் நான், அதனால் ஒன்று சொல்கிறேன். அன்றைக்கு யாரும் இந்தப் படத்தைத் தோல்வி என்று சொல்லவில்லை. அமெரிக்காவில் முதல் மூன்று நாளிலேயே 15 கோடி டாலருக்குமேல் வசூலித்து, அதுவரை இருந்த சாதனையை உடைத்த படம் இது. உலகம் முழுக்க 89 கோடி டாலர் பக்கம் வந்தது, ரெய்மி எடுத்த மூன்றில் இதுதான் வசூலில் முதலாவது. இங்கே தமிழ், தெலுங்கு, ஹிந்தி போதாதென்று போஜ்புரியில்கூட டப்பிங் செய்து விட்டார்கள். கிண்டல் பெருகியதெல்லாம் பிற்பாடு இன்டர்நெட்டில்தான்.

வெனம் எப்படி உள்ளே வந்தான் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ரெய்மிக்கு அவன்மேல் ஆசையே கிடையாது. அவர் விரும்பியது பழைய காமிக்ஸ் வில்லன்களை, மணல் மனிதனை. ரசிகர்கள் வெனத்தைக் கேட்கிறார்கள் என்று தயாரிப்பாளர் அவி அராட் வற்புறுத்தி நுழைத்தார். ரெய்மியே பிற்பாடு ஒரு பேட்டியில் படம் சரியாக வரவில்லை, எல்லாப் பாத்திரங்கள்மேலும் எனக்கு நம்பிக்கை இல்லாமல் போய்விட்டது என்கிற பொருளில் பேசியிருக்கிறார். படைத்தவனே அப்படிச் சொல்லிவிட்டான் என்று இதையும் கிண்டலுக்குப் பயன்படுத்துகிறார்கள். எனக்கு அது வேறு மாதிரிப் படுகிறது. அவர் எதை நம்பினார், எதை நம்பவில்லை என்பது திரையிலேயே எழுதி ஒட்டியிருக்கிறது. மணல் மனிதன் வருகிற இடத்திலெல்லாம் கேமரா பொறுமையாக நிற்கும். வெனம் வந்தால் அவசரம் அவசரமாக ஓடும். கல்யாண வீட்டில் சம்பந்தி வீட்டார் கேட்டார்கள் என்பதற்காக இலையில் வைத்த பதார்த்தம் மாதிரி அது ஓரமாகக் கிடக்கிறது.

முடிவைப் பற்றியும் யாரும் பேசவில்லை. எல்லாம் முடிந்து மேரி ஜேன் பாடுகிற இடத்துக்குப் பீட்டர் வருகிறான். கையை நீட்டுகிறான். அவள் வந்து தோளில் சாய்கிறாள், இரண்டு பேரும் மெதுவாக அசைகிறார்கள். முத்தம் இல்லை, கல்யாண வாக்குறுதி இல்லை, வலை பிடித்துக் கட்டடம் கட்டடமாகப் பறக்கிற வழக்கமான கடைசிக் காட்சிகூட இல்லை. இவர்கள் சேர்வார்களா மாட்டார்களா என்று சொல்லாமல் முடிகிறது. அவ்வளவு பணம் போட்டு எடுத்த படத்தை அப்படி முடிப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

குளச்சல் கடல்

எல்லாம் சரி அண்ணாச்சி, அந்த பட்லரை என்ன செய்வது? பீட்டரின் நண்பன் ஹாரி, தன் அப்பாவைக் கொன்றது பீட்டர்தான் என்று இரண்டு படமாக வெறி பிடித்து அலைகிறான். கடைசி நேரத்தில் வீட்டு வேலைக்காரர் வந்து, உங்கள் அப்பா சொந்தக் கருவி குத்தித்தான் செத்தார், காயத்தை நான் துடைத்தபோதே தெரியும் என்கிறார். முன்னாடியே சொல்லித் தொலைத்திருந்தால் இவ்வளவு பேருக்கு அடிபட்டிருக்குமா?

ஆரல் காற்று

அந்த இடத்துக்கு நானும் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் ஒரு நல்ல செய்தி. 2017-ல் இந்தப் படத்தின் எடிட்டர் பாப் முரவ்ஸ்கி வேறு மாதிரி வெட்டிய ஒரு பதிப்பு டிஸ்க்கில் வந்தது. அதில் பட்லர் அப்படி வந்து பேசுவதில்லை. ஹாரி தானாகவே மனசு மாறி நண்பனுக்கு உதவ வருகிறான். இந்த ஒரு மாற்றத்திலேயே ஹாரியின் சாவுக்குக் கனம் வந்துவிடுகிறது, ஏனென்றால் மன்னித்தது அவன். தகவல் கிடைத்துத் திருந்துகிறவனைவிட, எதுவும் நிரூபணமாகாமலே நண்பன் பக்கம் வந்து நிற்கிறவன் பெரிய ஆள். கிடைத்தால் அந்தப் பதிப்பைப் பாருங்கள்.

இன்னொரு சின்னதையும் சொல்லிவிடுகிறேன். லாரிமேல் மார்க்கோவோடு முதல் சண்டை முடிந்தபிறகு, பீட்டர் ஒரு கட்டடத்தின்மேல் உட்கார்ந்து காலுறையைக் கழற்றி உள்ளே இருக்கிற மணலைக் கொட்டுகிறான். இந்த ஆட்கள் எல்லாம் எங்கிருந்துதான் வருகிறார்களோ என்று அலுத்துக்கொள்கிறான். சங்குத்துறைக்கோ முட்டத்துக்கோ போய்விட்டு வந்து வாசலில் செருப்பைத் தட்டாதவர் இந்த மாவட்டத்தில் யார்? ராட்சசனோடு சண்டை போட்டவனுக்கும் அதே தொல்லைதான் என்று காட்டுகிற அந்தக் கவனம் இப்போது வருகிற படங்களில் இல்லை.

வடசேரி பஸ்ஸ்டாண்ட்

காலுறை காட்சி எனக்கும் பிடிக்கும், அதில் சண்டை இல்லை.

கடைசியாக ஒன்று கேட்கிறேன், டீச்சரும் பதில் சொல்லுங்கள். முடிவில் மார்க்கோ வந்து நடந்ததைச் சொல்கிறான். மன்னிப்புக் கேட்கவில்லை, புரிந்துகொண்டால் போதும் என்கிறான். பீட்டர் மன்னித்துவிட்டேன் என்கிறான். மார்க்கோ மணலாகிக் காற்றோடு போய்விடுகிறான். இது நியாயமா? சுட்டவன், ஜெயிலிலிருந்து தப்பியவன், பணம் கொள்ளையடித்தவன், வெனத்தோடு சேர்ந்து மேரி ஜேன் உயிரையே பணயம் வைத்தவன். போலீஸ் இல்லை, தண்டனை இல்லை. மாமாவை இழந்தவன் மன்னித்தால் ஊருக்கும் அவன் நல்லவனாகிவிடுவானா?

குழித்துறை டீச்சர்

ஆக மாட்டான் தம்பி. பீட்டர் அவனை நல்லவன் என்று சொல்லவே இல்லை. நானும் பயங்கரமான காரியங்கள் செய்திருக்கிறேன் என்றுதான் முதலில் சொல்கிறான், அதற்கு அப்புறம்தான் மன்னிக்கிறான். அந்த வரிசை முக்கியம். கொஞ்சம் முன்னால் தண்ணீரைத் திறந்துவிட்டுக் கொன்றுவிட்டோம் என்று நினைத்து நிம்மதியாக வீட்டுக்குப் போனவன் அவன். ஹாரியின் முகத்தில் குண்டு வெடிக்கவைத்தவன். தன் கை சுத்தம் என்று அவனால் சொல்ல முடியாது. நீதிபதி இடத்தில் உட்கார்ந்து அவன் தீர்ப்புச் சொல்லவில்லை, குற்றவாளி இன்னொரு குற்றவாளியிடம் பேசுகிறான். போலீஸ் பிடிக்க வேண்டியது போலீஸின் வேலை, அதை அவன் தடுக்கவும் இல்லை.

மணவாளக்குறிச்சியான்

டீச்சர் சொன்னதற்குமேல் மன்னிப்பைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் தம்பி கேட்ட கணக்கு தீரவில்லை என்பது உண்மை, அதை நான் வேறு இடத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

மார்க்கோ திருடியதெல்லாம் மகள் பென்னியின் வைத்தியத்துக்கு. அந்தப் பணம் போய்ச் சேர்ந்ததா? பிள்ளை பிழைத்தாளா? படம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ராட்சச உருவம் எடுத்து ஊரையே கலக்குகிறபோதும் அவன் மனசில் இருந்தது அவள் முகம்தான் என்று ஆரம்பத்தில் அவ்வளவு அழகாக நமக்குக் காட்டிவிட்டு, கடைசியில் அவளை அம்போ என்று விட்டுவிட்டார்கள். 2021-ல் வந்த நோ வே ஹோமில் மார்க்கோ திரும்பி வந்தபோதும் வீட்டுக்குப் போக வேண்டும், மகளைப் பார்க்க வேண்டும் என்றுதான் தவிக்கிறான். அத்தனை வருஷம் கழித்தும் அவனுக்கு வேறு ஆசையை யாராலும் எழுத முடியவில்லை பார்த்தாயா?

டான்ஸுக்கு, பட்லருக்கு, வெனத்துக்கு எல்லாம் இந்தப் படத்தைத் திட்டுகிறார்கள். திட்ட வேண்டும் என்றால் பென்னிக்காகத் திட்டுங்கள். கட்டடம் கட்டுகிற இடத்தில் நடக்கிற அந்தக் கடைசிச் சண்டையில் ஐந்து நிமிஷத்தைக் குறைத்து அவளுக்குக் கொடுத்திருந்தால், இன்றைக்கு நான் இந்த இழையைத் தொடங்கவேண்டிய தேவையே வந்திருக்காது.